நம்ம வேலியில் குடியிருக்கும் தேவாங்கு

(நமது கூட்டமைப்பின் சென்னை கண்டுணர் பயணத்தில், இரண்டாம் நாள் மாலை மயிலாப்பூரில் தங்கியிருந்த இடத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)



காலையில் தி.நகரில் விற்பனை கண்காட்சி, மதியம் கிண்டி சிறுவர் பூங்கா என்று நடந்து நடந்து எல்லாருக்கும் கால் வலி. அதனால் இன்றைக்குத் தணிக்கை, வங்கி இணைப்பு, உள்கடன் வட்டி எதையும் எடுக்கப் போவதில்லை. வேறு ஒரு விஷயம் பேசலாம் என்று இருக்கிறேன். அந்த விஷயத்தைக் கொடுத்ததே நீங்கள்தான்.

அடையாறு வழியாக பஸ்ஸில் வரும்போது ஒரு தங்கச்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா, "ஏண்டி தேவாங்கு மாதிரி முழிக்கிற?" என்றார்கள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா? "தேவாங்கை நேரில் பார்த்தவங்க கை தூக்குங்க." முப்பத்தி நாலு பேரில் ஐந்து கைதான் எழுந்தது. ஐந்து பேருமே மலையடிவாரத்துக்காரர்கள். மற்ற எல்லாரும் பார்க்காத ஒன்றை வைத்துத்தான் ஆளைத் திட்டிக்கொண்டு இருக்கிறோம்.

பார்த்தவர்கள் சொல்லட்டும், நான் சொல்வது சரியா என்று. தேவாங்கு ஒரு ஜாண் நீளம் இருக்கும். கால் கிலோ எடை, அதற்கு முன்னே பின்னே. வால் கிடையாது. கையும் காலும் குச்சி குச்சியாக, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கும். முகத்தில் பாதி கண்தான். இரண்டு கண்ணையும் சுற்றிக் கருப்பு வளையம், நடுவில் மூக்கு வரைக்கும் வெள்ளைக் கோடு. சோறு கண்டு பல நாள் ஆனவர் மாதிரி தெரியும். ஆனால் அது நோஞ்சான் இல்லை. அதன் உடம்பு வாகே அதுதான்.

குரங்கு என்று சிலர் சொல்வார்கள், பூனை வகை என்று சிலர். இரண்டும் இல்லை. மனுஷன், குரங்கு, தேவாங்கு மூன்றும் ஒரே பெரிய வகையறா. அதில் குரங்கு நமக்குக் கிட்டத்துச் சொந்தம் என்றால், தேவாங்கு ஒன்றுவிட்ட பங்காளி. அதனுடைய நெருங்கின சொந்தங்கள் ஆப்பிரிக்காக் காட்டிலும் மடகாஸ்கர் தீவிலும் இருக்கின்றன. இந்தியாவில் இந்தக் குடும்பத்தில் இரண்டே வகைதான். ஒன்று வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிற குண்டு தேவாங்கு. இன்னொன்று தெற்கில் நம்ம பக்கம் இருக்கிற மெலிந்த தேவாங்கு. நம்மைவிட்டால் இலங்கையில் உண்டு, அவ்வளவுதான். வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இந்த மெலிந்த தேவாங்கு கிடையாது. பட்டு மாதிரி, மல்லிகை மாதிரி, இதுவும் நம்ம ஊர்ச் சொத்து. நாமதான் அப்படி நினைப்பதில்லை.

மலையாளத்தில் இதைக் குட்டித்தேவாங்கு என்பார்கள். கன்னடத்தில் காடுபாப்பா, அதாவது காட்டுக் குழந்தை. எனக்கு அந்தக் கன்னடப் பேர் ரொம்பப் பிடிக்கும். இங்கிலீஷில் லோரிஸ் என்கிறார்கள். அது டச்சுக்காரர்கள் மக்கு, கோமாளி என்று சொல்கிற வார்த்தையில் இருந்து வந்தது என்பார்கள். பாவம், கப்பல் ஏறி வந்தவனும் திட்டித்தான் பேர் வைத்திருக்கிறான்.

இந்தச் சென்னைக்கும் தேவாங்குக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம்ம பக்கத்து சாம்பல் நிற தேவாங்கை இலங்கையின் செந்நிற தேவாங்கில் இருந்து பிரித்து, தனி இனம் என்று 1908-ல் எழுதியவர் ஸ்பெயின் நாட்டு விலங்கியலாளர் ஆங்கெல் கப்ரேரா. அது கிடைத்த இடம் என்று அவர் குறித்த ஊர் 'மதராஸ்'. அன்றைக்கு மதராஸ் என்றால் இந்தப் பட்டணமும் உண்டு, நம்ம ஊர் எல்லாம் சேர்ந்த மாகாணமும் உண்டு. எதுவாக இருந்தாலும், உலகத்து அறிவியல் புத்தகத்தில் இந்தப் பிராணியின் சொந்த ஊர் என்று மதராஸ் பேர்தான் இருக்கிறது. காலையில் நீங்கள் புடவைக் கடை பார்த்த தி.நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கின இடம். முள்ளும் புதருமாக இந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க இன்றைக்குக் கிண்டி தேசியப் பூங்காவுக்குள்தான் போக வேண்டும். அது மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

ஊர் பெரிதானால் தேவாங்கு இருக்கவே முடியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்துக்குள், அத்தனை வண்டி சத்தத்துக்கு நடுவிலும் தேவாங்கு குடியிருக்கிறது. அங்கே மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டு இருக்கிறது. அதற்கு வேண்டியது அதுதான். நம்ம மாதிரி அதற்கும் ரோடு வேண்டும். அதன் ரோடு மரக்கிளை.

ராத்திரியில் அது என்ன செய்கிறது என்று நம்ம பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அய்யலூர் தெரியுமில்லையா, வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை கூடுமே, அந்த அய்யலூர் வனச்சரகத்தில். 1997, 98-ல் அன்னா நெகாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் பத்து மாசத்துக்கு மேல் ராத்திரி ராத்திரியாக நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முள்ளுக்காட்டில் தேவாங்கின் பின்னால் சுற்றினார். நாம் பொழுது சாய்ந்தால் கொல்லைப் பக்கம் போகவே துணை கேட்போம். வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு பொம்பளைப் பிள்ளை நம்ம வேலியில் என்ன இருக்கிறது என்று எழுதி உலகத்துக்குச் சொன்னது. எனக்கு அதில் சந்தோஷமும் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு.

அவர் கண்டதில் முக்கியமானது சாப்பாடு. தேவாங்கு பழமும் இலையும் தின்று வாழ்கிற பிராணி இல்லை. அய்யலூரில் அது தின்றதில் நூற்றுக்கு 96 பங்கு பூச்சி புழு மாதிரி உயிருள்ள இரைதான். அதிலும் அதிகம் எறும்பும் கரையானும். மீதி கொஞ்சம் மரப்பிசின். பல்லி, சின்ன முட்டை கிடைத்தாலும் விடாது. கடிக்கிற எறும்பையும் நாற்றம் பிடித்த வண்டையும் மற்ற பிராணி தொடாது, இது தின்னும். தின்னும்போது தன் மூத்திரத்தையே கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்கிறது. சிரிக்காதீங்க! பூச்சியின் விஷமும் எரிச்சலும் தாக்காமல் இருக்க அப்படிச் செய்யலாம் என்று சொல்கிறார்கள். நாம் பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவுகிறோம் இல்லையா, அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் கையைப் பார்த்தால் நம்ம கைதான். ஐந்து விரல், நகம், உள்ளங்கை ரேகை. ஆள்காட்டி விரல் மட்டும் குட்டை. கட்டை விரல் நன்றாக விலகி நிற்கும், அதனால் கிளையை இடுக்கி மாதிரி பிடிக்க முடியும். பிடித்தால் மணிக்கணக்கில் விடாது. நமக்குக் கொஞ்ச நேரம் கை தூக்கி வைத்தால் மரத்துப்போகும். அதற்குக் கை காலில் ரத்தக்குழாய் கொத்துக் கொத்தாகப் பிரிந்து ஓடுகிறது, அதனால் மரத்துப்போகாது. மெதுவாக, ஒரு இலைகூட அசையாமல் நடக்கும். சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். பூச்சி பக்கத்தில் போனதும் கை எப்போது நீண்டது என்றே தெரியாது.

கண் விஷயத்துக்கு வருகிறேன். ஆடு, மாடு, பூனைக்கு இருப்பது மாதிரி தேவாங்குக்கும் கண்ணின் பின்புறம் பளபளப்பான ஒரு படலம் இருக்கிறது. கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் அது திருப்பிக் கொடுக்கும், அதனால்தான் இருட்டில் பார்க்க முடிகிறது. டார்ச் அடித்தால் புளியமரத்தில் இரண்டு நெருப்புத் துண்டு மாதிரி சிவப்பாக ஜொலிக்கும். நம்ம ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசுகளில் எத்தனை பிசாசு இந்தக் கால் கிலோ பிராணியோ!

தேவாங்கு அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விட மாட்டீர்கள். சுமார் ஐந்தரை மாசம் வயிற்றில் சுமக்கும். அய்யலூரில் அடிக்கடி இரட்டைப் பிள்ளை பிறப்பதைப் பார்த்திருக்கிறார்கள். முதல் நாலு வாரம் குட்டி அம்மாவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் அம்மா இரை தேடப் போகும்போது குட்டியை ஒரு கிளையில் உட்கார வைத்துவிட்டுப் போகும். வேலைக்குப் போகிற நாம் பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுப் போகிற மாதிரிதான். அங்கே ஆயாவும் உண்டு. அதே கூட்டத்து ஆண் தேவாங்குகள் அந்தக் கிளைக்கு வந்து, குட்டியோடு விளையாடி, நீவிவிட்டுப் போகும். விடியும் முன்னே அம்மா வந்து தூக்கிக்கொள்ளும். பகலில் ஏழு உருப்படி வரைக்கும் ஒன்றாகச் சேர்ந்து, முள்ளுக்கிளையில் பந்து மாதிரி சுருண்டு தூங்கும். தனியாகத் திரிகிற பிராணி என்றுதான் அதுவரைக்கும் புத்தகத்தில் இருந்தது. பார்த்த பிறகுதான் தெரிந்தது, ராத்திரி வேலைக்குத் தனித்தனியாகப் போனாலும் அதற்கும் குடும்பம் உண்டு என்று.

இதனால் ஒரு சிக்கலும் உண்டு. கிளையில் தனியாக உட்கார்ந்திருக்கிற குட்டியைப் பார்த்து, அம்மா விட்டுட்டுப் போயிருச்சு என்று நல்ல மனசோடு வீட்டுக்கு எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். அம்மா பக்கத்தில்தான் இருக்கும். பால் ஊற்றி, வாழைப்பழம் கொடுத்து வளர்க்கிற பிராணி இல்லை இது.

இனி நான் பேச நினைத்த விஷயம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

தேவாங்கை வைத்து வசியம் செய்யலாம், செய்வினை வைக்கலாம், எடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம்ம பக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. நம்ம ஊரில் மட்டும் இல்லை. இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் என்ற வெள்ளைக்காரர் 1861-ல் எழுதின புத்தகத்தில், தேவாங்கின் கண்ணை வசிய மருந்துக்காக எடுக்கிறார்கள், அதை எடுக்கிற விதம் ரொம்பக் கொடூரம் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த விதத்தை இந்த நேரத்தில் நான் சொல்ல விரும்பவில்லை. நூற்றைம்பது வருஷம் தாண்டியும் அந்த வியாபாரம் முழுசாக ஒழியவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்தது. ஊர், பேர் வேண்டாம். ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர் வேறு இடத்தில் குடும்பம் வைத்துக்கொண்டார். அந்த அக்கா ஆடு வாங்க என்று சொல்லி உள்கடன் 8,000 ரூபாய் எடுத்தார். தீர்மான நோட்டில் ஆடு என்றுதான் இருக்கிறது. பணம் போனது வசியம் செய்து தருகிறேன் என்று சொன்ன ஒரு ஆளுக்கு. பணத்தை வாங்கிக்கொண்டு அவன் இரண்டாவதாகக் கேட்டது என்ன தெரியுமா? "உங்க காட்டு வேலியில தேவாங்கு இருக்குமே, அதை நீயே பிடிச்சுக் கொடு, அப்பதான் பலிக்கும்." அந்த அக்கா பிடித்தார். முள் கிழித்த கையோடு, சிமெண்ட் சாக்கில் போட்டு இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தார். சாக்குக்குள் வெளிச்சம் பட்டாலே அது முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டது என்று பிற்பாடு சொன்னார். மூன்றாம் நாள் அந்தக் குழுவின் ஊக்குநருக்கு விஷயம் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை, வனக்காவலரைக் கூட்டி வந்தார். அன்று ராத்திரியே பிடித்த வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். வசியம் செய்கிறேன் என்றவன் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. கடன் தவணையை அந்த அக்கா இன்னும் கட்டிக்கொண்டு இருக்கிறார்.

அந்த அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி எல்லாம் அழுத பொம்பளைக்கு எது சொன்னாலும் நம்பத் தோன்றும். ஆனால் அந்த ஆளின் கணக்கைப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி தேவாங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பிடித்தாலும், வைத்திருந்தாலும், விற்றாலும் மூன்று வருஷத்துக்குக் குறையாமல், ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். 2022-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அன்றைக்கு யார் வீட்டில் சாக்கு இருந்தது? அந்த அக்கா வீட்டில். மாட்டியிருந்தால் யார் மாட்டியிருப்பார்? கேட்டவன் எங்கோ இருக்கிறான். காட்டுப் பக்கம் குடியிருக்கிறவர்களைத்தான் இந்த வியாபாரம் முன்னால் நிறுத்துகிறது. வாங்குகிறவர் பட்டணத்தில் இருப்பார், தரகர் பஸ் ஏறிவிடுவார். முன்பு குறி சொல்லத் தேவாங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றின ஏழைகளையும் இதே மாதிரிதான் எல்லாரும் கை காட்டினார்கள். காசு கொடுத்துக் குறி கேட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அதனால் ஒரு கோரிக்கை. உள்கடன் விண்ணப்பம் வரும்போது 'எதற்கு' என்று நாம் கேட்பது நோட்டில் எழுத மட்டும் இல்லை. ஒரு அக்கா முகம் வாடி வந்து அவசரமாகப் பணம் கேட்டால், கூட்டம் முடிந்து தனியாக உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுப் பிரச்சினைக்கு மகளிர் காவல் நிலையம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். அதை விட்டுவிட்டு அந்த ஒரு ஜாண் பிராணி என்ன செய்யும்?

பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம் என்றால், அதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் நடந்துகொண்டு இருக்கிறது. நம்ம பக்கத்தில் அந்தக் காலத்தில் காட்டுக்குக் காடு கிளுவை வேலி, கள்ளி வேலி இருந்தது. நடுவில் நாலு உசிலை, வேம்பு, புளி. தேவாங்குக்கு அதுதான் வீடு, ரோடு, சந்தை எல்லாம். இப்போது என்ன செய்கிறோம்? ஜே.சி.பி. வைத்து வேலியை வாரிவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டுகிறோம். கம்பியில் தேவாங்கு ஏறி நடக்க முடியுமா? வழி அறுந்து போனால் அது தரையில் இறங்கும். தரையில் நாய் இருக்கிறது, ரோட்டில் வண்டி இருக்கிறது. கிளை என்று நினைத்து மின்கம்பியைப் பிடித்தால் அங்கேயே முடிந்தது.

கம்பி வேலி போட்டவர்களைத் திட்டவில்லை. ஆடு மாடு உள்ளே வருகிறது, எல்லைத் தகராறு வருகிறது, எனக்கும் தெரியும். ஆனால் கம்பிக்கு ஓரமாகவே கிளுவை நட்டால் இரண்டும் இருக்குமே. கிளுவைக்குச் செலவு இல்லை, வெட்டி நட்டால் துளிர்க்கும், வெள்ளாட்டுக்குத் தழை ஆகும். இதைச் சொல்லித்தர நான் யார், உங்களுக்குத் தெரியாததா?

அரசாங்கமும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைப் பகுதியைத் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். 11,806 ஹெக்டேர், நம்ம கணக்கில் சுமார் 29 ஆயிரம் ஏக்கர். தேவாங்குக்கு என்றே ஒரு சரணாலயம் இந்தியாவில் அதுதான் முதல். புலிக்கும் யானைக்கும் கிடைத்த மரியாதை இந்த முழிச்ச கண்ணுக்கும் கிடைத்தது. ஆனால் சரணாலயத்துக்கு எல்லைக்கல் உண்டு, தேவாங்குக்கு எல்லைக்கல் தெரியாது. மலையை விட்டு இறங்கினால் உங்கள் காடு, உங்கள் வேலி. அங்கே வனத்துறை ஆள் ராத்திரி காவல் இருக்க முடியாது.

ரோட்டில் தேவாங்கைக் கண்டால் வண்டியை நிறுத்தி, விளக்கைத் தணித்து, அது கடக்கிற வரைக்கும் நில்லுங்கள். முகத்துக்கு நேரே செல்போன் விளக்கு அடித்துப் படம் எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். அடிபட்டுக் கிடந்தால் வெறும் கையால் தொட வேண்டாம், நன்றாகக் கடிக்கும். துண்டைப் போட்டு மூடி, காற்றோட்டமான கூடையில் இருட்டாக வைத்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்த போன் நம்பரைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இப்போது நாம் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால், மலையடிவார ஊர்க் குழுக்கள் ஆளுக்கு எத்தனை அடி கிளுவை நட முடியும் என்று பிரதிநிதிகள் கணக்கு கொடுக்க வேண்டும். போத்து வெட்டித் தர ஏற்கனவே இரண்டு ஊர்க்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். வண்டி வாடகையைக் கூட்டமைப்பு ஏற்பதா, குழுக்கள் பிரித்துக்கொள்வதா என்பதைச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுவோம். சாப்பாடு வந்துவிட்டது என்று சொல்கிறார்கள்.